செடி சொல்லும் சேதி

மட்டாஞ்சேரியில் வீடுகள் நெருக்கமாக இருக்கும். ஒரு வீட்டுச் சுவரை ஒட்டி அடுத்த வீட்டுச் சுவர் நிற்கும். மண் தரை குறைவு. ஆனாலும் செடி வளர்க்காத வீடு குறைவு. வாசல் ஓரத்தில் பழைய பெயிண்ட் வாளி இருக்கும். அதில் கறிவேப்பிலை. மாடிப்படியில் சாக்குப்பை இருக்கும். அதில் மிளகாய். இடம் சிறியது. ஆசை பெரியது.

எங்கள் படிப்பு வட்டத்துக்கு ஓர் அக்கா வருகிறார். அவர் வீட்டில் இரண்டு கறிவேப்பிலைச் செடிகள் இருந்தன. ஒன்று வாசல் தரையில். மற்றொன்று படிக்கட்டின் மேலே. ஒரு ஜனவரி மாதம் இரண்டும் வாடத் தொடங்கின. இலை ஓரம் கருகியது. இலை மஞ்சளாகி உதிர்ந்தது.

"பூச்சிதான்" என்றார் அக்காவின் கொழுந்தனார். அவர் ஊருக்குப் போயிருந்தபோது வயலில் மீந்த மருந்து பாட்டில் ஒன்றை எடுத்து வந்திருந்தார். பாதி பாட்டில் இருந்தது. "இதைத் தெளியுங்கள் அண்ணி. நாளைக்கே சரியாகிவிடும்" என்றார்.

அக்கா பாட்டிலை வாங்கிப் பார்த்தார். அவர் படிக்கக் கற்று ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். "வி... ஷ... ம்." பக்கத்தில் மண்டை ஓட்டுப் படம். கீழே சிவப்பு நிறம். அக்கா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் வகுப்பில் என்னிடம் கேட்டார். "டீச்சர், அந்த இலையைத்தானே ரசத்தில் போடுகிறோம்? பிள்ளைகள் சாப்பிடுகிறார்களே. விஷத்தைத் தெளித்தால் அது எங்கே போகும்?"

நல்ல கேள்வி. அன்று பாடப் புத்தகத்தை மூடி வைத்தோம். எல்லோரும் அக்கா வீட்டுச் செடியைப் பார்க்கப் போனோம்.

முதலில் பார், பிறகு மருந்து கொடு

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வோம்? நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். என்ன சாப்பிட்டான் என்று கேட்போம். பார்க்காமல் கேட்காமல் மருந்து கொடுப்போமா? செடிக்கும் அப்படித்தான். செடிக்கு வாய் இல்லை. ஆனால் இலை சொல்லும். தண்டு சொல்லும். மண் சொல்லும்.

செடி வாடினால் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

1. தண்ணீர் அதிகமா, குறைவா?
2. மண்ணில் உப்பு ஏறியிருக்கிறதா?
3. இலைக்கு அடியில் பூச்சி இருக்கிறதா?
4. வேரில், தண்டில் நோய் இருக்கிறதா?

இந்த வரிசையிலேயே பாருங்கள். வீட்டுச் செடிகளில் பெரும்பாலான தொல்லைகள் தண்ணீரிலும் மண்ணிலும்தான் தொடங்குகின்றன.

தண்ணீர்

விரலை மண்ணுக்குள் விடுங்கள். இரண்டு விரல்கணு ஆழம் போகட்டும். மண் காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் செடி வாடுகிறது என்றால் கவனம் தேவை. வேருக்கும் காற்று வேண்டும். தண்ணீர் தேங்கி நின்றால் காற்று உள்ளே போகாது. வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் குடிக்க முடியாது. அதனால் தண்ணீரில் நின்றுகொண்டே செடி வாடும். நாம் "பாவம், தாகம்" என்று மேலும் ஊற்றுவோம். செடி செத்துப்போகும்.

கொச்சியில் வருடத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எனவே வாளியின் அடியில் துளை மிக முக்கியம். நான்கைந்து துளைகள் போடுங்கள். துளையின் மேல் உடைந்த ஓட்டுத் துண்டு வையுங்கள். வாளியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். மண், மணல், மட்கிய சாணம் மூன்றையும் சம அளவு கலந்து நிரப்புங்கள்.

உப்பு

அக்கா வீட்டு வாளியின் மண்ணைப் பார்த்தோம். மேலே வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. ஒரு பாட்டி சொன்னார்: "இது உப்பு பூத்த மாதிரி இருக்கே."

எங்கிருந்து வந்தது உப்பு?

நம் ஊர் காயல் ஓரத்தில் இருக்கிறது. மழை விட்ட மாதங்களில் காயல் நீரில் உப்பு கூடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் அதிகமாக இருக்கும். அப்போது உப்பு நீர் ஓடை வழியாக வந்து வாசலில் ஏறும். இதை இங்கே வேலியேற்றம் என்கிறார்கள். அந்த மாதம் அக்கா வீட்டு வாசலிலும் நீர் ஏறியிருந்தது. தரையில் இருந்த வாளியின் அடித்துளை வழியாக உப்பு நீர் மண்ணுக்குள் போய்விட்டது.

சரி, படிக்கட்டின் மேலே இருந்த செடி ஏன் வாடியது? அங்கே நீர் ஏறவில்லையே?

அக்கா யோசித்தார். பிறகு சொன்னார். "தினமும் மீன் கழுவிய தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுவேன். கறிவேப்பிலைக்கு நல்லது என்று சொல்வார்களே."

"மீனை எப்படிக் கழுவுவீர்கள்?"

"கல்லுப்பு போட்டுத் தேய்த்துத்தான்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். அக்காவும் சிரித்தார். மீன் கழுவிய நீர் செடிக்கு உரம்தான். ஆனால் உப்புப் போடாமல் கழுவிய நீர்தான் உரம். உப்புக் கஞ்சியும் ஊற்றக் கூடாது. அரிசி கழுவிய நீர் ஊற்றலாம்.

உப்பு ஏன் செடியைக் கெடுக்கிறது? மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டு வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் மாங்காய் நீர் விடும். உப்பு இருக்கும் பக்கம் நீர் போகும். மண்ணில் உப்பு அதிகமானால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் நீர் இருக்கும். செடிக்குத் தாகம் தீராது. முதலில் இலை ஓரம் கருகும்.

பொக்காளி சொல்லும் வழி

உப்பு நிலத்தில் வாழக் கற்றவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கும்பளங்கி, செல்லானம், வைப்பின் பக்கம் பொக்காளி என்ற நெல் விளைகிறது. உப்பைத் தாங்கும் நெல் இது. ஒன்றரை மீட்டர் உயரம் வரை வளரும். 2008-ம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அந்த விவசாயிகள் என்ன செய்கிறார்கள்? மழைக்கு முன்பே வயலில் மண்ணைக் குவித்துச் சிறு மேடுகள் செய்கிறார்கள். ஜூன் மாத மழை அந்த மேடுகளில் விழும். மழைநீர் உப்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும். மேட்டு மண் உப்பு நீங்கிச் சுத்தமாகும். அதன் பிறகே முளைவிட்ட விதையை மேட்டில் விதைக்கிறார்கள். அக்டோபர் வாக்கில் அறுவடை. அது முடிந்ததும் அதே வயலில் உப்பு நீரை விட்டு இறால் வளர்க்கிறார்கள். உரமும் மருந்தும் வாங்கிப் போடுவதில்லை.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று: மண்ணை உயர்த்து. இரண்டு: நல்ல நீரால் உப்பைக் கழுவு.

வாளியை மேட்டில் வையுங்கள். உப்பு ஏறிய வாளியில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அடித்துளை வழியாக நீர் வெளியே ஓட வேண்டும். ஒரு வாளி மண்ணுக்கு இரண்டு வாளி நீராவது தேவை. இரண்டு நாள் விட்டு மறுபடி செய்யுங்கள். கழுவும்போது உப்போடு உரமும் போய்விடும். எனவே பிறகு ஒரு கைப்பிடி மட்கிய சாணம் போடுங்கள். மழைக்காலம் என்றால் செலவே இல்லை. வாளியை மழையில் வைத்தால் போதும்.

பூச்சி

இலையின் மேற்பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சிகள் பெரும்பாலும் அடியில்தான் ஒளிந்திருக்கும்.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டு படகு போல இருந்தால் அது இலைப்பேனாக இருக்கலாம். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேனாக இருக்கலாம். வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. செடியில் எறும்பு வரிசையாக ஏறினால் அங்கே மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கும். அவை விடும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது.

பூச்சி கொஞ்சமாக இருந்தால் கையால் நசுக்குங்கள். அல்லது தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். மிகவும் கெட்டுப்போன நுனியைக் கிள்ளி எடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் வேப்பெண்ணெய்க் கரைசல் செய்யலாம்.

தேவையானவை: வேப்பெண்ணெய் 20 மில்லி. பூண்டு 20 கிராம். பார் சோப்பு 5 கிராம். தண்ணீர் 1 லிட்டர்.

செய்முறை: சோப்பைச் சீவிக் கொஞ்சம் வெந்நீரில் கரையுங்கள். அதில் வேப்பெண்ணெயை ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். பூண்டை அரைத்து வடிகட்டிச் சாற்றைச் சேருங்கள். மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். மாலையில் இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பாருங்கள். இலை கருகாவிட்டால் செடி முழுவதும் தெளியுங்கள். அன்றன்று செய்து அன்றே பயன்படுத்த வேண்டும்.

எல்லாப் பூச்சியும் எதிரி இல்லை. ஒரு உண்மைச் சம்பவம் கேளுங்கள். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் நாசமாயின. விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தார்கள். பூச்சி அடங்கவில்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து வளர்த்து வயலில் விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். விஷம் செய்யாத வேலையைக் குளவி செய்தது. விஷம் அடித்தால் இப்படிப்பட்ட நண்பர்களும் செத்துவிடும்.

மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தை வரும். அதை வெறும் கையால் தொடாதீர்கள். அதில் இருக்கும் ஒரு புழுவால் மூளைக் காய்ச்சல் வரலாம். பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் இலையும் போட்டு வையுங்கள். இரவில் நத்தைகள் அங்கே சேரும். கையுறை போட்டு எடுத்து, உப்புக் கரைத்த வாளி நீரில் போடுங்கள். உப்பைச் செடி மண்ணில் மட்டும் தூவாதீர்கள்.

வாடல் நோய்: ஒரு கண்ணாடி டம்ளர் சோதனை

நேற்று வரை பச்சையாக நின்ற மிளகாய்ச் செடி இன்று திடீரென்று தலை சாய்ந்துவிட்டது. இலை மஞ்சளாகவில்லை. பூச்சியும் இல்லை. தண்ணீரும் சரி. அப்படியானால் பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். கேரளத்துப் புளிப்பு மண்ணிலும் ஈரத்திலும் இது அதிகம். கத்தரிக்கும் தக்காளிக்கும் இதே நோய் வரும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீர் எடுங்கள். தண்டின் வெட்டுப் பக்கம் நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை நூல் இறங்கினால் அந்த நோய்தான்.

இதற்கு மருந்து தேட வேண்டாம். செடியை மண்ணோடு எடுத்து அகற்றுங்கள். கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டம்ளர் நீரை வேறு செடிக்கு ஊற்றாதீர்கள். அந்த மண்ணில் மறுபடி மிளகாய், கத்தரி, தக்காளி வைக்காதீர்கள். கீரையோ வெண்டையோ வையுங்கள்.

இந்த நோயைத் தாங்கும் ரகங்கள் உண்டு. திருச்சூரில் உள்ள கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைத் தந்திருக்கிறது. மிளகாயில் உஜ்வலா, அனுக்ரஹா. தக்காளியில் சக்தி, முக்தி. கத்தரியில் சூர்யா, ஸ்வேதா. விதை வாங்கும்போது இந்தப் பெயர்களைப் படித்துக் கேட்டு வாங்குங்கள்.

பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது?

பூச்சி மருந்துப் பாட்டிலில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் நிறம் இருக்கும்.

சிவப்பு: மிகமிகக் கொடிய விஷம். மண்டை ஓட்டுப் படமும் இருக்கும்.
மஞ்சள்: மிகக் கொடிய விஷம்.
நீலம்: ஆபத்தானது.
பச்சை: மற்றவற்றைவிடக் குறைவு. ஆனாலும் எச்சரிக்கை தேவை.

சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் வரவே வேண்டாம். மருந்தைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ சர்பத் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். மருந்து உடம்பில் பட்டால் துணியை மாற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். யாராவது தவறி விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் மருத்துவர் சிகிச்சை தருவார்.

பார்த்ததை எழுதி வையுங்கள்

கொச்சிக்கும் செடிகளைப் பற்றிய எழுத்துக்கும் பழைய உறவு உண்டு. 1670-களில் இங்கே டச்சுக்காரர்கள் ஆண்டார்கள். வான் ரீட் என்பவர் கவர்னர். மலபார்ச் செடிகளைப் பற்றி அவர் ஒரு பெரிய நூல் செய்வித்தார். ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்பது அதன் பெயர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக அச்சானது. அதில் இருக்கும் அறிவில் பெரும் பங்கைத் தந்தவர் இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர். சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்தவர். தன் முன்னோர் ஓலைச்சுவடியில் எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் அவர் செடிகளின் குணத்தைச் சொன்னார். அவர்கள் எழுதி வைக்காமல் போயிருந்தால் அந்த அறிவு அவர்களோடே மறைந்திருக்கும்.

நாமும் எழுதலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, செடியின் பெயர், என்ன பார்த்தேன், என்ன செய்தேன், என்ன ஆயிற்று. இந்த ஐந்தையும் எழுதுங்கள். அடுத்த வருடம் அதே தொல்லை வந்தால் உங்கள் நோட்டே உங்களுக்கு வழி சொல்லும்.

நமக்குப் புரியாவிட்டால் கேட்பதில் வெட்கம் இல்லை. கேரளத்தில் 1987 முதல் ஊருக்கு ஊர் கிருஷி பவன் இருக்கிறது. வாடிய கிளையை ஒரு பையில் போட்டு அங்கே கொண்டு போய்க் காட்டுங்கள். உழவர் அழைப்பு மையத்துக்குப் போன் செய்தும் கேட்கலாம். எண் 1800-180-1551. காசு கிடையாது. தமிழிலும் பேசலாம்.

அக்காவின் செடி என்ன ஆயிற்று?

அக்கா இரண்டு வாளி மண்ணையும் நல்ல நீரால் கழுவினார். குழாய்த் தண்ணீர் வருவதே குறைவு. அதிலும் மிச்சம் பிடித்து ஊற்றினார். வாளிகளைச் செங்கல் மேல் ஏற்றினார். மீனை உப்பில்லாமல் ஒரு முறை கழுவி, அந்த நீரை மட்டும் ஊற்றினார்.

தரையில் இருந்த செடி பிழைக்கவில்லை. வேர் முழுவதும் கருத்திருந்தது. படிக்கட்டுச் செடி மார்ச் மாதம் துளிர்விட்டது. காலியான வாளியை அக்கா ஜூன் மழையில் வைத்தார். மண் கழுவப்பட்டது. ஜூலையில் அதில் புதுக் கன்று வைத்தார்.

கொழுந்தனாரின் பாட்டில் திறக்கப்படவே இல்லை. "நானும் உங்கள் வகுப்புக்கு வரட்டுமா?" என்று அவர் ஒரு நாள் அக்காவிடம் கேட்டார். இப்போது அவரும் வருகிறார்.

அக்காவின் நோட்டில் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "பூச்சி இல்லை. உப்பு. நான்தான் ஊற்றினேன்." கையெழுத்து கோணலாக இருக்கும். ஆனால் எழுதியது அத்தனையும் சரி.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் வீட்டில் வாடிய செடிக்கு முதலில் என்ன செய்தீர்கள்? ஏன்?
2. உப்பு நீர் ஏறும் இடத்தில் செடிகளை எப்படிக் காப்பது?
3. உங்கள் வீட்டில் பூச்சி மருந்துப் பாட்டில் இருக்கிறதா? அதில் என்ன நிறம் இருக்கிறது? இன்றே பாருங்கள்.